சீமெந்தில் தோட்ட அலங்காரம்: வாசகர் கேள்வியும் எமது பதிலும்

பூச்சாடி, பறவைகள் நீராடும் தட்டு, கொக்கு, ஆமை, காளான் என வீட்டு வளவை அழகுபடுத்தும் சீமெந்துப் பொருள்களைத் தாமே செய்து பார்க்க விரும்புவோரின் கடிதங்கள் இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து கூடுதலாக வந்திருக்கின்றன. ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். இத்தகைய வேலைகள் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளிற் பெரும்பாலானவை குளிர்நாட்டுத் தோட்டங்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. அங்கே சீமெந்தைப் பிளப்பது உறைபனி; இங்கே அதே வேலையைக் கடல் உப்பும் கச்சான் காற்றும் செய்கின்றன. ஆகவே எமது பதில்கள் இந்த இரண்டையுமே சுற்றி வருவதை வாசகர்கள் காண்பார்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளது. வீடு கட்டியபோது மிஞ்சிய அரைப் பை சீமெந்து இருக்கிறது. கடற்கரை மணலை அள்ளி, கிணற்றுத் தண்ணீரிற் குழைத்துப் பூச்சாடிகள் செய்யலாமா? மணலைக் கழுவினாற் போதும் என்று அயலில் உள்ளவர்கள் சொல்கிறார்கள்.
வாசகி, உப்புவெளி

பதில்: கடற்கரை மணல் வேண்டாம். அதில் உள்ள உப்பு, சாடிக்குள் வைக்கும் கம்பியை அரிக்கும். கம்பியே இல்லாத சாடியிலும் ஈரத்தோடு வெளியே வந்து மேற்பரப்பில் வெண்மையாகப் படியும். கழுவி எடுக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு நல்ல தண்ணீரைப் பல தடவை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டும். கிணறு சவர்த் தண்ணீராக உள்ள வீட்டில் அவ்வாறு கழுவுவதால் உப்புப் போகாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கரையோரத்தைக் காப்பதற்கென 1981ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்ட நாடு இது. அனுமதியின்றிக் கரை மணலை அகழ்வது குற்றமாகும். நாலு சாடிக்குத்தானே என்று ஒவ்வொரு வீட்டாரும் அள்ளினால், வாடைக்காலத்தில் கடல் ஏறி வரும்போது அதைத் தடுக்கக் கரையில் மேடு இராது.

மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவிற் கலக்கும் மாவட்டத்தில் வாழும் எமக்கு ஆற்று மணல் தூரத்துப் பொருளன்று. வீடு கட்டுவோர் கியூப் கணக்கில் வாங்குவார்கள்; உங்களுக்கு இரண்டு மூன்று சாக்கு மணலே ஒரு பருவத்துக்குப் போதும். அயலில் எங்காவது கட்டட வேலை நடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மணல் எங்கே எடுக்கப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். கழிமுகத்துக்கு அண்மையில் எடுத்த மணலிற் கடல்நீர் ஏறியிருக்கக்கூடும். கொண்டுவந்த மணலை அரிதட்டில் அரித்துச் சிப்பி, வேர், சிறுகல் ஆகியவற்றை நீக்குங்கள். பிறகு ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டு, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி, மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் மென்மையான சேற்றுப் படலம் ஒன்று தனியாகத் தெரியும். அதன் தடிப்பு மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கை எட்டுமானால், அந்த மணலைக் கழுவாமற் பயன்படுத்தக் கூடாது. சேறு மணலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, சீமெந்து பற்றுவதைத் தடுத்துவிடும்.

தண்ணீர் பற்றிய விதி எளிது: வாயில் வைத்துப் பார்த்துக் குடிக்க மனம் வராத தண்ணீரைச் சீமெந்திலும் ஊற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரையோ தேக்கிவைத்த மழைநீரையோ எடுங்கள். அரைப் பை சீமெந்தைப் பற்றியே எமக்குக் கூடுதலான ஐயம் உண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியே பெரிய சீமெந்துத் தொழிற்சாலை இயங்குவதால் இங்கே புதிய சீமெந்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வாய் திறந்த பை கடற்காற்றின் ஈரத்தை நாள்தோறும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். கட்டிகள் விரலால் நசுக்கியவுடன் மாவாகினால், அரித்துவிட்டுச் சிறு சாடிகளுக்குப் பயன்படுத்தலாம். கல்லாக இறுகியிருந்தால், உடைத்துப் பொடியாக்கினாலும் அந்தச் சீமெந்து மீண்டும் பற்றாது. பள்ளம் நிரப்பத்தான் உதவும். புதிய பை வாங்கினால், பலகை மேல் சுவரிற் படாதவாறு வைத்து, தடித்த பொலித்தீனால் மூடி, மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: இலையின் நரம்புகள் அப்படியே பதிந்த சீமெந்துத் தட்டை ஒரு வீட்டிற் கண்டேன். பறவைகள் அதில் வந்து குளிக்கின்றன. அதைச் செய்யும் முறையைத் தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள். எங்கள் வயற்கரையிற் சேம்பு தாராளமாக உண்டு.
ஆசிரியை ஒருவர், தம்பலகாமம்

பதில்: மனமுவந்து சொல்கிறோம். தோட்ட அலங்காரங்களிலே முதன்முதலாகச் செய்து பழகுவதற்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்பது எமது கருத்து. அச்சு வாங்கத் தேவையில்லை, கம்பி தேவையில்லை, இலையே அச்சாகிறது.

சேம்பு இலை மிகவும் பொருத்தமானது. தேக்கு இலையும் ஈரப்பலா இலையும் நல்லவையே. ஈரப்பலாவின் ஆழமான வெட்டுகள் தட்டுக்குத் தனி அழகைத் தரும், ஆனால் அந்த முனைகள் மெலிந்து ஒடியக்கூடும் என்பதால் முதல் முயற்சிக்கு வேண்டாம். ஓட்டையோ பூச்சிக்கடியோ இல்லாத, இரண்டு கை அகலமுள்ள இலையைக் காலையிலேயே கொய்யுங்கள். சேம்பின் பால் கையில் அரிக்கும், கையுறையோடு தொடுங்கள். நரம்புகள் புடைத்து நிற்பது இலையின் அடிப்பக்கத்திலேதான். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். சாந்து விழுவது அதன் மேலேயே. சேம்பில் காம்பு பொருந்துவதும் அதே அடிப்பக்கத்தில், இலையின் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான். அதை இலையோடு ஒட்ட வெட்டிவிடாவிட்டால், சாந்தினூடே காம்பு நீட்டிக்கொண்டு நின்று, பின்னர் தட்டில் ஓட்டையாகிவிடும்.

நிழலில் ஒரு பலகையை வைத்து, அதன் மேல் ஈர மணலைக் குவித்து, கவிழ்த்த தட்டின் வடிவிற் கையால் தட்டி ஒழுங்காக்குங்கள். குவியலின் உயரம் நாலு ஐந்து சென்டிமீற்றருக்கு மேல் வேண்டாம். பறவைகள் நீந்துவதில்லை, மைனாவும் கொண்டைக்குருவியும் கால் நிலத்திற் பாவும் ஆழத்திலேதான் இறங்கும். ஓரம் சரிவாகவும் நடு ஆழமாகவும் இருந்தால், ஒவ்வொன்றும் தனக்கேற்ற ஆழத்தைத் தெரிந்துகொள்ளும். குவியலை மெல்லிய பொலித்தீனால் மூடி, இலையை அதன் மேல் பரப்புங்கள். இலைக்கும் குவியலுக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால், கீழே மணலைச் செருகி நிரப்புங்கள்.

கலவைக்கு ஒரு பங்கு சீமெந்தும் இரண்டு பங்கு நன்றாக அரித்த மணலும் எடுங்கள். பால்மாப் பேணி ஒன்றை அளவாக வைத்துக்கொண்டால் கணக்குத் தவறாது. இரண்டையும் உலர்ந்த நிலையிலேயே நிறம் ஒன்றாகும் வரை புரட்டிவிட்டுப் பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒரு கிலோ சீமெந்துக்கு ஏறத்தாழ 450 மில்லிலீற்றர் தண்ணீர் பிடிக்கும். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையும். ஒரு பிடி எடுத்து இறுக்கிக் கையை விரித்தால், உருண்டை உடையவும் கூடாது, விரலிடையே தண்ணீர் வழியவும் கூடாது. வேலை இலகுவாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவது பலரின் வழக்கம். அவ்வாறு கூட்டும் ஒவ்வொரு கோப்பையும் பின்னர் ஆவியாகிப் போன இடத்தில் நுண்துளைகளை விட்டுச்செல்லும். கடற்காற்றின் உப்பு அந்தத் துளைகள் வழியாகவே உள்ளே நுழையும்.

சாந்து வைப்பதற்கு முன், மணல் சேராத சீமெந்தைத் தோசை மா பதத்திற் கரைத்து, தூரிகையால் நரம்புகளின் இருபுறமும் பூசுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் நரம்போரங்களிற் காற்று அகப்பட்டு, தட்டைத் திருப்பும்போது சிறு குழிகள் தெரியும். பிறகு நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கிச் சாந்தை அழுத்தி வையுங்கள். நடுவில் இரண்டு சென்டிமீற்றர், ஓரத்தில் ஒரு சென்டிமீற்றர் தடிப்புப் போதும். இலையின் விளிம்பைத் தாண்டிச் சாந்து வழியக் கூடாது. விளிம்புக்கு ஒரு நெல்மணி அளவு உள்ளேயே நிறுத்தி, ஈர விரலால் உருட்டிவிடுங்கள். பாதித் தடிப்பு வைத்தபின் பழைய நைலோன் மீன்வலைத் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் மீதிச் சாந்தை வைப்பது எமது மாவட்டத்துக்கு மிகவும் ஏற்ற முறை. வலை தட்டின் பலத்தைப் பெரிதாகக் கூட்டாது. ஆனால் தட்டு விழுந்து வெடித்தாற் துண்டுகள் சிதறாமற் பிடித்துக்கொள்ளும், துருவும் பிடிக்காது. தட்டு ஆடாமல் நிற்பதற்கு, சாந்து ஈரமாக இருக்கும்போதே மேற்புறத்தின் நடுவைச் சாந்தகப்பையாற் தட்டையாக்குங்கள்.

முழுவதையும் பொலித்தீனால் மூடி, இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். பிறகு இரு கையாலும் தாங்கித் திருப்பி, இலையின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தால் அது பெரும்பாலும் முழுதாகவே உரிந்து வரும். நரம்புக்குள் சிக்கிய பச்சைத் துணுக்குகளை ஊசியாற் கிளற வேண்டாம். அந்த வேளையிற் சீமெந்து இன்னும் மென்மையானது. தட்டை ஊறவைத்து எடுத்து உலரவிட்டபின், அவை காய்ந்து சருகானதும் பழைய பற்தூரிகையால் தேய்த்தால் வந்துவிடும். உரித்த தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் குறைந்தது ஏழு நாள் மூழ்கவிட்டு, அதன் பிறகே ஓரங்களை அரத்தாள் கொண்டு மழுப்புங்கள். மாணவர்களோடு செய்வதானால், ஒவ்வொருவருக்கும் கையளவு பூவரசிலை கொடுத்துச் சிறு தட்டுகளாகச் செய்யப் பழக்கலாம். கையுறை மட்டும் எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு பேசின்களை ஒன்றுக்குள் ஒன்று வைத்து, இடையிற் சாந்து நிரப்பிப் பூச்சாடிகள் செய்தோம். மறுநாள் எடுத்து, நன்றாக இறுகட்டும் என்று ஒரு வாரம் வெயிலிற் காயவைத்தோம். எல்லாச் சாடிகளிலும் வெடிப்பு. சீமெந்தின் தரம் குறைவா?
வாசகர், மூதூர்

பதில்: சீமெந்தைக் குறைசொல்ல இடமில்லை. வெயிலிற் காயவைத்ததே காரணம். களிமண் உலர்வதால் இறுகுகிறது; சீமெந்து தண்ணீரோடு வேதியியல் முறையிற் சேர்வதால் இறுகுகிறது. தண்ணீர் இல்லாதபோது அந்தச் சேர்க்கை நின்றுவிடும், பலமும் அந்த அளவிலேயே நின்றுவிடும். சாதாரண சீமெந்து, 28 நாளில் அடையும் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை முதல் ஏழு நாளில் அடைகிறது. அந்த ஏழு நாளும் அது ஈரமாகவே இருந்தாக வேண்டும். இப்போது கடைகளிற் பரவலாகக் கிடைக்கும் கலப்புச் சீமெந்து இதைவிட மெதுவாகவே பலம் பெறுவதால், பத்து அல்லது பதினான்கு நாள் நனைத்து வைப்பதே நல்லது.

வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கச்சான், வெயிலை விடவும் ஆபத்தானது. நிழலில் வைத்த சாடியின் ஈரத்தையும் அது சில மணித்தியாலத்திற் கொண்டுபோய்விடும். சாந்து வைத்த அன்றே மேற்பரப்பில் ஒழுங்கின்றி ஓடும் மெல்லிய கீறல்கள் தெரிந்தால், அவை காற்றின் வேலை. சில நாள் கழித்து விளிம்பிலிருந்து நேராக இறங்கும் வெடிப்பானால், சாடி உலர்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். உள்ளே இருந்த பேசினை உரிய நேரத்தில் எடுக்காமல் விட்டிருந்தாலும் அது நேரும், ஏனெனில் சுருங்கும் சாந்துக்கு உள்ளிருக்கும் பேசின் இடங்கொடுப்பதில்லை. காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நாலரைக்குப் பின்போ வேலையைத் தொடங்குங்கள். காற்றுத் தாக்காத சுவரோரம் ஒன்றைத் தேர்ந்து, வேலை முடிந்தவுடன் பொலித்தீனால் மூடுங்கள். மறுநாள் உட்பேசினை அசைத்து எடுத்துவிட்டு, ஈரச் சாக்கைச் சுற்றி, அதன் மேல் மீண்டும் பொலித்தீனைக் கட்டுங்கள். பேசினில் முன்கூட்டியே தேங்காயெண்ணெயை மெல்லியதாகத் தடவியிருந்தால் சாடி இலகுவாகக் கழலும். வாகனங்களிலிருந்து கழித்த எண்ணெயைச் சிலர் பூசுகிறார்கள்; அதன் கறை போகாது, செடிக்கும் தீங்கானது.

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் முற்றத்தில் வைத்த சீமெந்துக் கொக்கின் கால்களில் மண்ணிறக் கறை தெரிந்தது. இந்த மாரியில் ஒரு கால் பிளந்து விழுந்துவிட்டது. திருத்த முடியுமா? மறுபடி இப்படி ஆகாமல் எவ்வாறு செய்வது?
வாசகர், பாலையூற்று

பதில்: மண்ணிறக் கறை என்று நீங்கள் எழுதியிருப்பது உள்ளே இருந்த கம்பியின் துரு. புதிய சீமெந்தின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. மெல்லிய பூச்சின் ஊடாக உப்பும் ஈரமும் கம்பியை எட்டும்போது அந்தக் காவல் போய்விடுகிறது. துரு, இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடத்தைப் பிடிக்கும். அந்த நெருக்குதலிலே சாந்து உள்ளிருந்து பிளக்கும். கொக்கின் காலில் அரை அங்குலச் சாந்தே கம்பியைச் சுற்றி இருந்திருக்கும். கடலோர ஊர் ஒன்றுக்கு அது போதவே போதாது.

கம்பியையும் சீமெந்தையும் இணைக்கும் இந்த முறை தோட்டத்திலேயே பெயர்பெற்றது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பிரான்சில் தோட்டக் கலைஞராக இருந்த யோசப் மொனியே, செடி வளர்க்கும் பெரிய தொட்டிகள் உடையாதிருக்க இரும்புக் கம்பி வலையைச் சீமெந்துக்குள் வைத்துச் செய்து, 1867ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று பாலங்களும் மாடிக் கட்டடங்களும் எழுவது அதே இணைப்பின் பலத்தால்தான். அவற்றைக் கட்டுவோர் கம்பிக்கு மேல் எத்தனை அங்குலச் சாந்து இருக்க வேண்டும் என்பதில் இன்றும் கண்டிப்பாக இருக்கிறார்கள். நாம் முற்றத்துக் கொக்குக்கும் அந்தக் கண்டிப்பைக் காட்ட வேண்டும்.

திருத்துவதானால், வெடித்த பகுதியை மட்டும் பூசி மறைக்காதீர்கள். ஓராண்டில் அது மீண்டும் விழும். துருப்பிடித்த கம்பி முழுதும் தெரியும் வரை சாந்தை உளியாற் கொத்தி நீக்கி, கம்பியைக் கம்பித் தூரிகையாற் பளபளக்கத் தேய்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாற் பக்கத்திலே புதுக் கம்பி வைத்துக் கட்டுங்கள். பழைய சாந்தை நனைத்து, குழைத்த சீமெந்தைத் தூரிகையாற் தேய்த்து, அது உலர்வதற்குள் புதிய சாந்தை வையுங்கள். காலின் பருமன் கூடத்தான் செய்யும். எல்லாப் பக்கமும் ஓர் அங்குலச் சாந்து இருக்க வேண்டுமென்றால் வேறு வழியில்லை.

புதிதாகச் செய்வதானால் நாகம் (துத்தநாகம்) பூசிய கம்பியையும் நாகம் பூசிய கோழிக்கூட்டு வலையையும் வாங்குங்கள். கட்டுக் கம்பியின் முனைகளை உள்நோக்கி மடியுங்கள். வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு முனை போதும், துரு அங்கிருந்து உள்ளே போய்விடும். அதைவிட முக்கியமாக, உருவத்தைத் தெரிவதிலேயே கவனம் வேண்டும். கோவிற் கோபுரங்களிற் சுதை வேலை செய்யும் சிற்பிகள் கையையும் காலையும் தனித்து நீட்டி விடுவது குறைவு. இடுப்பிலோ தொடையிலோ பக்கத்துத் தூணிலோ ஏதாவதோர் இடத்திற் பொருத்திவிடுவார்கள். திருகோணமலை பத்திரகாளி அம்மன் கோவிற் கோபுரத்தின் உருவங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை நின்று பாருங்கள். முதலிற் சொரசொரப்பான சாந்தால் உருவத்தைக் கட்டி, அது இறுகியபின் மென்சாந்தால் முகமும் அணியும் தீட்டும் அவர்களது வரிசையும் நமக்கு ஏற்றதே. உங்கள் கொக்கை நாணற் புதருக்குள் நிற்பதாக அமைத்து, கால்களையும் நாணலையும் ஒரே திரளாகக் கட்டினால் அது பல ஆண்டு நிற்கும். ஆமை, தவளை, படுத்திருக்கும் யானைக் கன்று ஆகியவற்றுக்குக் கம்பியே தேவைப்படாது.

கேள்வி: பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தால் நுளம்பு பெருகும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னார். செய்த தட்டை உடைத்துவிட வேண்டுமா?
வாசகி, கிண்ணியா

பதில்: உடைக்கத் தேவையில்லை, ஆனால் பரிசோதகர் சொன்னது முற்றிலும் சரி. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உங்கள் ஊர் டெங்குவால் பட்ட துன்பத்தை நீங்களே அறிவீர்கள். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம் அளவிலேயே போதும். ஆகவே நாள்தோறும் காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தும்பால் உட்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள். தேய்ப்பது அவசியம், ஏனென்றால் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருந்து, காய்ந்தாலும் உயிரோடு இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பயணம் போகும்போது தட்டைக் கவிழ்த்து வையுங்கள். மாரியில் அதை எடுத்து உள்ளே வைப்பதே சிறந்தது. அப்போது பறவைகளுக்கு வேறு தண்ணீர் தாராளமாக உண்டு.

கேள்வி: எங்கள் விருந்தினர் விடுதி முற்றத்துக்காகச் செய்த சீமெந்துக் காளான்களுக்கு எனாமல் வர்ணம் பூசினோம். இரண்டு மாதத்திற் செதிலாக உரிந்துவிட்டது. உரிந்த இடங்களில் வெண்பொடி பூத்திருக்கிறது.
வாசகர், நிலாவெளி

பதில்: சீமெந்து இறுகும்போது உண்டாகும் சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்பொடியாகிறது. எனாமலில் உள்ள எண்ணெயைப் புதிய சீமெந்தின் காரம் சவர்க்காரமாக மாற்றிவிடும். அதனாலே அது பற்றுவிட்டு உரிகிறது. பழைய வர்ணத்தை முழுதாகச் சுரண்டுங்கள். வெண்பொடியை முதலில் உலர்ந்த தூரிகையாற் தட்டி, பிறகு தண்ணீர் கலந்த வினாகிரியாற் துடைத்து, நல்ல தண்ணீராற் கழுவிக் காயவிடுங்கள். வார்த்து நாலு வாரமாவது சென்றபின், காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்றும், அதன் மேல் வெளிச்சுவருக்கான எமல்சன் இரண்டு பூச்சும் அடியுங்கள்.

இனிமேற் செய்பவற்றுக்கு வர்ணம் பூசாமல், நிறத்தைச் சாந்திலேயே கலப்பதைப் பரிந்துரைக்கிறோம். ஹாட்வெயார் கடைகளிற் கிடைக்கும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஒக்சைட்டுப் பொடிகள் வெயிலிலும் மங்குவதில்லை, உரிவதற்கும் அவற்றில் எதுவுமில்லை. ஒரு கிலோ சீமெந்துக்கு 50 கிராமுக்கு மேற் போடாதீர்கள். கூட்டிப் போட்டால் நிறம் அதிகம் ஏறாது, பலம்தான் குறையும். பொடியைக் கண்ணளவில் அள்ளாமல் நிறுத்து, உலர்ந்த சீமெந்தோடு கலவுங்கள். துணிச்சாயம் வெயிலில் வெளுத்துவிடும். அதை முயல வேண்டாம். எமது கண்ணுக்கு, நிலாவெளியின் வெண்மணலுக்கும் பனைகளுக்கும் இடையே மங்கிய செம்மண் நிறக் காளான்கள் பொருந்துவது போலப் பளபளக்கும் எனாமல் காளான்கள் பொருந்துவதில்லை.

கேள்வி: புதிய சீமெந்துச் சாடியில் நட்ட அந்தூரியமும் வெட்சியும் மஞ்சளித்துப் போயின. அதே மண்ணில் பிளாஸ்ரிக் சாடியில் உள்ளவை நன்றாக இருக்கின்றன.
வாசகி, சாம்பல்தீவு

பதில்: சாடியின் காரம் மண்ணில் இறங்கிவிட்டது. புளிப்பு மண்ணை விரும்பும் செடிகளால் அந்த மண்ணிலிருந்து இரும்புச்சத்தை எடுக்க முடிவதில்லை. நரம்பு பச்சையாக இருக்க, இடையில் இலை மஞ்சளாவது அதன் அடையாளம். செடிகளைப் பெயர்த்து வேறு மண்ணில் வையுங்கள். சாடியின் அடித்துளையை அடைத்து, நிறையத் தண்ணீர் விட்டு, நாள்தோறும் மாற்றி மூன்று வாரம் ஊறவிடுங்கள். அல்லது ஒரு மாரி முழுதும் மழையில் நனையவிடுங்கள். அதன் பிறகும் அந்தூரியத்துக்கு அந்தச் சாடியைத் தராமல், போகன்வில்லாவுக்கோ கற்றாழைக்கோ கொடுப்பது பொருத்தம். மீன் வளர்க்கும் சீமெந்துத் தொட்டிக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்: ஊறவைக்காத தொட்டியில் விட்ட மீன் பிழைக்காது.

அடித்துளை இல்லாத சாடிகள் பலவற்றைப் பார்க்கிறோம். இறுகியபின் துளைக்க முயன்றால் சாடி வெடிக்கக்கூடும். வார்க்கும்போதே ஒரு துண்டுப் பிவிசி குழாயையோ தடித்த பப்பாசி இலைக்காம்பையோ அடியில் நிறுத்திவிடுங்கள். காம்பு அழுகித் தானே வழி விடும்.

கேள்வி: இரண்டு நாள் வெறுங்கையாற் சாந்து குழைத்தேன். விரல் நுனிகளில் தோல் உரிந்து எரிகிறது. இது ஒவ்வாமையா? வேலையைத் தொடரலாமா?
வாசகி, திருகோணமலை நகர்

பதில்: ஈரச் சீமெந்தின் காரம் தோலைச் சுடும். வேலை செய்யும்போது வலி தெரியாமல், பல மணித்தியாலம் கழித்தே எரிவு தொடங்குவதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. சீமெந்தில் நுண்ணளவில் உள்ள குரோமியம் சிலருக்கு நிலையான ஒவ்வாமையையும் உண்டாக்கும். அது ஒருமுறை வந்தால், பின்னர் சிறிதளவு பட்டாலும் தோல் தடித்துச் சொறியும். புண் ஆறும் வரை சாந்தைத் தொடாதீர்கள். எரிவு கூடினாலோ நீர் கோர்த்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறியபின் தொடர்வதில் தடையில்லை. முழங்கை வரை வரும் இறப்பர்க் கையுறை அணியுங்கள், கையுறைக்குள் சாந்து புகுந்தால் உடனே கழற்றிக் கையைக் கழுவுங்கள். நனைந்த காற்சட்டையோடு சாந்தில் முழந்தாளிட்டு இருக்கக் கூடாது. பையைப் பிரித்து உலர்ந்த சீமெந்தைப் புரட்டும்போது மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். கண்ணில் தெறித்தாற் தேய்க்காமல், ஓடும் நல்ல தண்ணீரிற் கால் மணித்தியாலத்துக்குக் குறையாமற் கழுவி, நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேலைக்கு முன் கையிலே தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டாற் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது கையுறைக்கு ஈடாகாது.